சி மொழி பழகும் எமது பிள்ளைகளுக்கு: முதற் பிழைகளும் நல்ல பழக்கங்களும்



ஞாயிற்றுக்கிழமைகளில் மதியப் பூசை முடிந்து, அன்னதானப் பந்தியும் எழுந்த பின்னர், அதே மண்டபத்து மேசைகளைத் துடைத்து அவற்றின் மேல் கணனிகளை வைத்து நாம் ஒரு சிறு வகுப்பு நடத்தி வருவது உங்களிற் பலருக்குத் தெரியும். சென்ற ஆண்டு முதல் தவணைப் பரீட்சை முடிந்த வாரம் ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். மகன் பொறியியற் பீடத்தில் முதலாம் ஆண்டு. "படிப்பை விட்டிட்டு வேறை ஏதும் செய்யப் போறானாம். தனக்கு மூளை காணாது எண்டு சொல்லுறான். நீங்களே ஒருக்கால் கேளுங்கோ" என்றார். தாயார் மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

பையனின் மடிக்கணனியைத் திறந்து பார்த்தோம். பத்துப் பாடங்களின் புள்ளிகளைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்ல வேண்டிய ஒரு சி நிரல். நாற்பது வரி இருக்கும். அது ஒரேயொரு புள்ளியைக் கேட்டுவிட்டு நின்றுவிட்டது. இரண்டு இரவு நித்திரையின்றி அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறான். பிழை எங்கே என்றால், பத்துத் தடவை சுழல வேண்டிய வரியின் முடிவில் ஓர் அரைப்புள்ளி:

ஃபோர் (எண் = 0; எண் < 10; எண்++);

அந்தக் கடைசி அரைப்புள்ளி, "சுழற்சி இத்துடன் முடிந்தது, உள்ளே செய்ய ஒன்றுமில்லை" என்று கணனிக்குச் சொல்கிறது. கணனி சொன்னபடி பத்துத் தடவை ஒன்றும் செய்யாமல் சுழன்றுவிட்டு, கீழே உள்ள பகுதியை ஒரு தடவை மட்டும் செய்கிறது. மொழியின் இலக்கணப்படி அது சரியான வாக்கியம். ஆகையால் பிழையென்று அது நிராகரிக்கப்படுவதில்லை. அரைப்புள்ளியை அழித்ததும் நிரல் பத்துப் புள்ளிகளையும் கேட்டது. பையன் சிரிக்கவில்லை. "இதுக்கே நான் ரெண்டு நாள் இருந்தனான்?" என்று கேட்டான்.

ஆம், நாமும் இருந்திருக்கிறோம். இதனைத் தொழிலாகச் செய்பவர்கள் எல்லோரும் இருந்திருக்கிறார்கள். மூளை காணாமல் வருகிற பிழை அல்ல இது. கண் தான் எழுத நினைத்ததைப் பார்க்கிறது, கணனி எழுதியதைப் பார்க்கிறது. இடையில் உள்ள தூரந்தான் பிழை. அந்தத் தூரத்தைக் குறைக்கச் சில பழக்கங்கள் உண்டு. அவற்றை எமது வகுப்பில் திரும்பத் திரும்பக் கண்ட பிழைகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம். நிரல் எழுதத் தெரியாத பெற்றோரும் இதனை ஒருமுறை வாசிக்க வேண்டுமென்பது எமது வேண்டுகோள். பிள்ளை எதனோடு மாரடிக்கிறது என்று தெரிந்தால் வீட்டிற் பேசும் பேச்சு வேறாக இருக்கும்.

இன்னொன்று. இப்பக்கத்தில் நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

ஏன் இன்னமும் சி?

சி மொழியை டெனிஸ் றிச்சி என்பவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அவரும் பிறையன் கேணிகனும் சேர்ந்து எழுதிய சிறிய பாடநூல் 1978இல் வந்தது. மொழிக்கு முறையான தரம் 1989இல் வகுக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் லினக்ஸின் மையப்பகுதியின் பெரும்பங்கு சி மொழியில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பாடசாலையிற் படிக்கும் பைதான் மொழியை இயக்கும் வழமையான மென்பொருளும் சி மொழியில் எழுதப்பட்டதே. மின்னியல், பொறியியல் படிக்கப் போகிறவர்கள் எங்கோ ஓரிடத்தில் இதைச் சந்தித்தே ஆக வேண்டும்.

பைதானில் ஓரளவு கைதேர்ந்து வந்த பிள்ளை சி மொழியில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. பைதான் ஒவ்வோர் அடியிலும் கையைப் பிடித்துக்கொள்கிறது. சி பிடிக்காது. "நீ சொன்னால் காரணத்தோடுதான் சொல்லியிருப்பாய்" என்று நம்பிச் செய்துவிடும். கீழே வரும் தொல்லைகள் பலவும் இந்த ஒரு குணத்திலிருந்து பிறப்பவை.

முதலில் செய்தியை வாசியுங்கள்

நாம் எழுதும் நிரலைக் கணனிக்கு விளங்கும் வடிவுக்கு மாற்றுவது கொம்பைலர் எனப்படும் தொகுப்பி. ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் அது இருபது பிழை காட்டலாம். பிள்ளை இருபதையும் பார்த்துப் பயந்து, கடைசியாகத் திரையில் நிற்கும் செய்தியிலிருந்து திருத்தத் தொடங்கும். இது தலைகீழான வழி. மேலே ஏறிப்போய் முதலாவது செய்தியை மட்டும் பாருங்கள். அதைத் திருத்தி மறுபடி தொகுங்கள். மற்றவை பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடும். அது குறிப்பிடும் வரியில் பிழை தெரியாவிட்டால் அதற்கு முந்திய வரியைப் பாருங்கள். விடுபட்ட அரைப்புள்ளியைத் தொகுப்பி அடுத்த வரிக்கு வந்த பின்னர்தான் உணர்கிறது.

அத்துடன், எச்சரிக்கைகளைத் திறந்து வையுங்கள். ஜி.சி.சி. என்னும் தொகுப்பியை அழைக்கும்போது ஒரு சிறு கோடும் பெரிய டபிள்யூவும் அதையடுத்து 'ஆல்' என்ற சொல்லும் சேர்த்தால், சந்தேகத்துக்குரிய இடங்களை அது சொல்லித் தரும். அதே போல 'எக்ஸ்ட்ரா' என்பதையும் சேர்க்கலாம். எமது வகுப்பில் எச்சரிக்கை ஒன்றேனும் மிச்சமிருக்கும் நிரலை நாம் பார்ப்பதில்லை. கடுமையான விதி என்று சில பெற்றோர் குறைப்பட்டனர். அந்த விதியை மாற்றப் போவதில்லை.

ஒரு சமக்குறியும் இரு சமக்குறியும்

பள்ளிக் கணக்கில் சமக்குறி ஒன்றுதான். சி மொழியில் இரண்டு வகை. ஒற்றைச் சமக்குறி "வலப்பக்கத்தில் உள்ளதை இடப்பக்கத்துப் பெட்டியில் போடு" என்னும் கட்டளை. இரட்டைச் சமக்குறி "இரண்டும் ஒன்றா?" என்னும் கேள்வி. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கட்டளையிட்டால் இப்படியாகும்:

இஃப் (வயது = 18)

கணனி வயதைக் கேட்கவில்லை. வந்தவர் எண்பது வயதுப் பெரியவராயினும் அவருடைய வயதை 18 ஆக்கிவிட்டு, 18 என்பது பூச்சியம் அல்லாதபடியால் "உண்மை" என்று எடுத்துக்கொள்கிறது. சி மொழியில் பூச்சியம் பொய், மற்ற எல்லாம் மெய். ஆகவே நிபந்தனை எப்போதும் நிறைவேறும், வயதும் கெட்டுப்போகும். இதையே தொகை = 0 என்று எழுதினால் நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது.

இது பிள்ளைகளின் பிழை மட்டுமென்று நினைக்க வேண்டாம். 2003 நவம்பரில், லினக்ஸ் மூலநிரலின் ஒரு பிரதிக்குள் யாரோ இரண்டு வரிகளைக் களவாகச் செருகினார்கள். பாவனையாளரின் அடையாள எண் பூச்சியமா என்று பார்ப்பது போன்ற தோற்றம். ஆனால் அங்கே இருந்தது ஒற்றைச் சமக்குறி. லினக்ஸில் பூச்சியம் என்பது முழு அதிகாரமும் உள்ள நிர்வாகியின் எண். ஒரு குறிப்பிட்ட விதத்தில் அந்த இடத்துக்கு வருகிறவர் எவராயினும் நிர்வாகியாகிவிடுவார். பூச்சியம் பொய் என்பதால் நிபந்தனைக்குள் உள்ள வேலை நடக்காது, சத்தமும் வராது. பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்துவராததால் அது உடனேயே பிடிபட்டது. அதிகாரபூர்வ லினக்ஸுக்குள் போகவில்லை. ஒரு சமக்குறியை விட்டுவிடுவதையே கதவுடைக்கும் கருவியாக ஒருவர் பாவிக்க முயன்றார் என்றால், அது எவ்வளவு கண்ணுக்குத் தப்பக்கூடியது என்று யோசியுங்கள்.

எண்ணை முன்னால் வைத்து 18 == வயது என்று எழுதச் சில ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். அப்படி எழுதி ஒரு சமக்குறி தவறினால் தொகுப்பி மறுத்துவிடும், உண்மைதான். எமக்கு அது வாசிக்கக் கரடுமுரடாக இருக்கிறது. மேலே சொன்ன எச்சரிக்கையைத் திறந்து வைத்தால் இந்தப் பிழையையும் அதுவே காட்டித்தரும்.

திருவிழாவின் பத்தாம் நாள்

இது எமது சொந்தக் கதை. உபயத் தொகைகளைக் கூட்டுவதற்கு நாமே ஒரு சிறு நிரல் எழுதினோம். முதலில் எத்தனை ரசீது என்று கேட்கும். பிறகு பத்து நாள் திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்குமான தொகையைக் கேட்கும். பத்துப் பெட்டிகள் கொண்ட ஒரு வரிசை:

இன்ட் நாள்[10];

முதலாம் நாளை நாள்[1] என்றும், பத்தாம் நாளை நாள்[10] என்றும் எழுதினோம். மனித வழக்கம் அதுதானே. வீட்டுக் கணனியிற் பார்த்தோம், எல்லாம் சரி. கோவிற் கணனியிற் போட்டோம். 64 ரசீது என்று கொடுத்த இடத்தில், முடிவில் 1001 ரசீது என்று வந்தது. பொருளாளர் ஐயா ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "நான் கிழிச்சது 64 துண்டு. மிச்சத்தை ஆர் கிழிச்சது?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் சபைக் கணக்கு, அருகில் நாலு பேர் நிற்கிறார்கள். எமக்கு முகம் எரிந்தது.

இரண்டு வார இறுதிகள் தேடினோம். துப்பு எண்ணிலேயே இருந்தது. பத்தாம் நாள், தீர்த்தத்தன்று, உபயகாரர் கொடுத்த தொகை 1001. அந்தத் தொகை ரசீது எண்ணிக்கை இருந்த பெட்டிக்குள் போய் விழுந்திருக்கிறது.

காரணம் இதுதான். சி மொழியில் பத்துப் பெட்டி என்றால் அவற்றின் இலக்கங்கள் 0 முதல் 9 வரை. இலக்கம் என்பது வரிசை எண் அன்று, தூரம். தெருவின் முதல் வீட்டிலிருந்து எத்தனை வீடு தள்ளி என்று கேட்டால், முதல் வீட்டுக்குத் தூரம் பூச்சியம். பத்தாவது வீட்டுக்கு ஒன்பது. நாள்[10] என்பது பதினோராவது வீடு, எமக்குச் சொந்தமில்லாதது. சி கதவைத் தட்டிக் கேட்காது, உள்ளே போட்டுவிடும். வீட்டுக் கணனியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது, கோவிற் கணனியில் ரசீது எண்ணிக்கை குடியிருந்தது. அவ்வளவே. "என்ரை கொம்பியூட்டரிலை சரியா வேலை செய்தது சேர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பொய் சொல்கிறது என்று எடுக்க வேண்டாம். அந்தப் பேச்சே எல்லை தாண்டிய பிழைக்கு நல்ல அடையாளம்.

ஆகவே சுழற்சியை எப்போதும் 0இல் தொடங்கி, "10க்குக் குறைவாக உள்ளவரை" என்று எழுதுங்கள். "10 வரை" என்று எழுதாதீர்கள். மனிதருக்குக் காட்டும்போது மட்டும் ஒன்றைக் கூட்டிக் காட்டுங்கள். 10 என்ற எண்ணையும் நிரல் முழுவதும் தூவாமல், மேலே ஓரிடத்தில் 'திருவிழா நாட்கள்' என்று பெயரிட்டு அந்தப் பெயரைப் பாவியுங்கள். அடுத்த ஆண்டு திருவிழா பன்னிரண்டு நாளானால் ஓரிடத்தில் மாற்றினாற் போதும். இப்போதைய தொகுப்பிகளில் 'அட்ரஸ் சானிட்டைசர்' என்றொரு வசதி உண்டு; அதைச் சேர்த்துத் தொகுத்து ஓட்டினால் எல்லை தாண்டிய அதே கணத்தில் நிரலை நிறுத்தி வரி இலக்கத்தையும் சொல்லும். எமக்கு அன்று அது தெரிந்திருந்தால் இரண்டு வார இறுதிகள் மிச்சம்.

எமது பெயர்கள் நீளமானவை

பாடநூல்களில் பெயருக்கு இருபது இடம் ஒதுக்கியிருப்பார்கள். அங்கே வரும் பெயர்கள் டொம், ஆன். நம்மவர் பெயருக்கு அது காணுமா?

பாலசுப்பிரமணியம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் வழமையாக எழுதும்போது 15 எழுத்து. சி மொழி ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் "இத்துடன் முடிந்தது" என்று சொல்ல ஒரு பூச்சியத்தை வைக்கும். அதற்கும் ஓர் இடம். மொத்தம் 16. தப்பிவிட்டது. முதலெழுத்தையும் முழுத் தகப்பன் பெயரையும் சேர்த்தால் தப்பாது.

தமிழில் எழுதினால் நிலைமை வேறு. பார்வைக்கு பா, ல, சு, ப், பி, ர, ம, ணி, ய, ம் என்று பத்தே எழுத்து. ஆனால் யுனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். எண்ணிப் பாருங்கள், 16 வரும். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 48 பைட், முடிவுப் பூச்சியத்தோடு 49. சொல்லின் நீளத்தைக் கேட்டால் சி மொழியின் ஸ்டர்லென் 10 என்று சொல்லாது, 48 என்றே சொல்லும். இந்தச் செய்திமடலைப் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகிய மூத்தவர்களுக்கு இது புதுமையாக இருக்கும். அங்கே ஓர் எழுத்து வடிவத்துக்கு ஒரு பைட்தான்.

இருபது இடத்துக்குள் 49ஐத் திணித்தால் என்ன நடக்கும்? முன் பகுதியில் 1001 போய் விழுந்த கதைதான், இன்னும் பெரிதாக. 1988 நவம்பர் 2ஆம் திகதி இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணனிகளை முடக்கிய மொறிஸ் புழு பாவித்த வழிகளில் ஒன்று இதுவே. கெட்ஸ் என்ற கட்டளை, பெட்டி எவ்வளவு பெரிதென்று கேட்காமல் வருவதையெல்லாம் உள்ளே தள்ளும். அந்தக் கட்டளை 2011இல் சி மொழியின் தரத்திலிருந்தே நீக்கப்பட்டது. பழைய பாடக் குறிப்புகளில் இன்னமும் இருக்கிறது. கண்டால் வெட்டிவிடுங்கள்.

அதற்குப் பதிலாக எஃப்-கெட்ஸ் பாவியுங்கள். அதற்குப் பெட்டியின் அளவைச் சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஏற்றாது. பெட்டி 20 என்றால் 19 பைட் மட்டும் எடுக்கும். எமது பெயரில் ஆறு குறியீடுகளும் ஏழாவதில் மூன்றில் ஒரு துண்டும். அதனாற்றான் சில அழைப்பிதழ்ப் பட்டியல்களில் பெயரின் வாலில் ஒரு விசித்திரச் சதுரம் நிற்கிறது. தமிழ்ப் பெயருக்குத் தாராளமாக 200 இடம் ஒதுக்குங்கள். இடத்துக்கு இன்று பஞ்சமில்லை.

ஸ்கேன்எஃப் கட்டளையால் பெயர் வாங்குவதில் இன்னொரு கோளாறு உண்டு. அது இடைவெளி கண்ட இடத்தில் நின்றுவிடும். "க. பாலசுப்பிரமணியம்" என்று கொடுத்தால் பெயர் "க." ஆகிவிடும், மிச்சப் பெயர் அடுத்த கேள்விக்கு விடையாகப் போய் நிற்கும். அடுத்த கேள்வி உபயத் தொகை என்றால் அங்கே எண் இல்லை. எண் இல்லாவிட்டால் ஸ்கேன்எஃப் அதை எடுக்காது, தள்ளியும் விடாது. சுழற்சிக்குள் இருந்தால் அதே கேள்வி திரையில் முடிவில்லாமல் ஓடும். ஒவ்வொரு ஸ்கேன்எஃப்பும் தான் எத்தனை விடயங்களை வெற்றியாக வாங்கியது என்று திருப்பிச் சொல்லும். அந்த விடையைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

ஆம்-இல்லை கேள்வியை நிரல் கேட்காமலே தாண்டிப் போகிறது என்று கிட்டத்தட்ட ஒவ்வொரு பிள்ளையும் ஒருநாள் வந்து சொல்லும். முன்னர் எண்ணைக் கொடுத்துவிட்டு நீங்கள் தட்டிய என்டர் விசை இன்னும் வரிசையில் நிற்கிறது. ஓர் எழுத்தை வாங்கும் கட்டளை அதையே எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. ஒற்றை எழுத்தை வாங்கும் சதவீதக் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுங்கள், தீர்ந்தது. எண்ணை வாங்கும்போது பெட்டியின் பெயருக்கு முன்னால் & என்ற குறியையும் மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் பெட்டி இருக்கும் இடத்துக்குப் பதில் பெட்டிக்குள் இருப்பதைக் கொடுக்கிறீர்கள்.

கணக்கில் சில

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சம் வெட்டப்படும். 20க்கு 17 எடுத்தவனின் சதவீதத்தை 17 / 20 * 100 என்று எழுதினால் விடை பூச்சியம். முதலில் 17 / 20 பூச்சியமாகிறது. அதை நூறால் பெருக்கி என்ன பயன்? 100.0 * 17 / 20 என்று எழுதினால் 85 வரும்.

கூட்டுத்தொகைப் பெட்டியை முதலில் பூச்சியமாக்குங்கள். சி அதைச் சுத்தம் செய்து தராது; முன்னர் குடியிருந்தவர் விட்டுப்போனது உள்ளே இருக்கும்.

பணத்தைப் புள்ளி எண்களில் வைக்காதீர்கள். 0.10 என்பதைக் கணனியின் இரும முறையில் சரியாக எழுத முடியாது. பத்துத் தடவை கூட்டினால் ஒன்றுக்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். சதங்களாக, முழு எண்ணாக வைத்து, அச்சிடும்போது மட்டும் பிரித்துக் காட்டுங்கள்.

அடைப்புக்குறியும் அழகான எழுத்தும்

"ஓடுதுதானே, வடிவாக எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2014 பெப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பில் மறுமுனையில் இருப்பவர் உண்மையானவர்தானா என்று சோதிக்கும் சி நிரலில், "கோட்டு ஃபெயில்" என்ற ஒரே வரி தவறுதலாக இரண்டு தடவை அடுத்தடுத்து வந்திருந்தது. மேலே உள்ள இஃப் நிபந்தனைக்கு நெளிவு அடைப்புக்குறி போடப்படவில்லை. அடைப்புக்குறி இல்லாவிட்டால் நிபந்தனை அடுத்து வரும் ஒரு வாக்கியத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். இரண்டாவது வரி, உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தும், நிபந்தனையின்றி ஒவ்வொரு தடவையும் நடந்தது. அதற்குக் கீழே இருந்த முக்கியமான சோதனை நடக்கவேயில்லை. கண்ணுக்கு இடைவெளி முக்கியம், சி மொழிக்கு அடைப்புக்குறி முக்கியம். இரண்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒரு வரியே ஆனாலும் அடைப்புக்குறி போடுங்கள்.

பெட்டிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைக்காமல் மொத்தம், ரசீது, வயது என்று வையுங்கள். நிரலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு வேலை செய்ய விடுங்கள். ஐந்து வரி எழுதியதும் தொகுத்து ஓட்டிப் பாருங்கள். இருநூறு வரி எழுதி முடித்து முதன்முறையாக ஓட்டுகிறவர் பிழையை இருநூறு இடங்களிலே தேட வேண்டும்.

பிழை பிடிபடாதபோது

திரையை விட்டு எழுந்து ஒரு தாளை எடுங்கள். பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரை கீறுங்கள். நீங்களே கணனியாக இருந்து, வரி வரியாக, எழுதியிருப்பதை மட்டும் செய்யுங்கள், நினைத்ததைச் செய்யாதீர்கள். அந்தப் பையனிடமும் இதைத்தான் முதலில் செய்யச் சொன்னோம். ஃபோர் வரியைச் சத்தமாக வாசித்து, "பத்துத் தடவை... என்ன செய்ய?" என்று நின்றபோது அரைப்புள்ளியை அவனே கண்டான்.

உதவி கேட்கும்போதும் முறை உண்டு. "வேலை செய்யவில்லை" என்று ஒரு வரியும், இருட்டில் எடுத்த திரைப்படமும் அனுப்பினால் எவராலும் உதவ முடியாது. என்ன வரவேண்டுமென எதிர்பார்த்தீர்கள், என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். பிழையோடு தொடர்பில்லாத வரிகளை வெட்டி, பிழை இன்னமும் நிகழும் மிகச் சிறிய நிரலாகக் குறையுங்கள். எமக்கு வரும் கேள்விகளில் பல இப்படிக் குறைக்கும்போதே தீர்ந்துவிடுகின்றன; அனுப்ப எடுத்த கடிதத்தைப் பிள்ளைகள் அனுப்புவதில்லை.

இனி, பெற்றோர் எம்மிடம் மெதுவாகக் கேட்கும் கேள்வி. செயற்கை நுண்ணறிவுச் சாதனங்களிடம் கேட்டால் நிரல் முழுவதையும் சில நொடிகளில் எழுதித் தருகின்றனவே, பிள்ளை ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? நாம் அவற்றை எதிர்ப்பவர்கள் அல்லர். வேலையிடத்தில் நாமே பாவிக்கிறோம். ஆனால் எமது வகுப்பில் ஒரு பிள்ளை ஒப்படைகளில் முழுப்புள்ளி வாங்கியது. பரீட்சை மண்டபத்தில் பென்சிலோடு இருந்தபோது ஒரு சுழற்சி எழுத வரவில்லை. இன்னொரு பிள்ளைக்கு நண்பனின் நிரலைப் பெயர் மாற்றிக் கொடுத்ததற்காக ஒழுக்காற்றுக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைப் பெற்றோரிடம் மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தது. நிரல்களை ஒப்பிடும் மொஸ் என்ற மென்பொருள் 1994இல் உருவாக்கப்பட்டது. பெட்டிகளின் பெயரை மாற்றி அதை ஏமாற்ற முடியாது என்பதைப் பிள்ளைகள் அறிவதில்லை. முதல் ஆண்டில் நிரலைத் தாமே எழுதட்டும். எழுதி முடித்த பின்னர் பாடநெறியின் விதி இடம் கொடுத்தால், "இந்தச் செய்தி என்ன சொல்கிறது?" என்று சாதனத்திடம் விளக்கம் கேட்கட்டும். அது தரும் நிரலிலும் வரிசை எல்லையையும் பெயரின் நீளத்தையும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அங்கேயும் இதே பிழைகளைக் கண்டிருக்கிறோம்.

அடுத்த வகுப்புக்கு

கீழுள்ள மூன்றையும் கணனி தொடாமல் தாளில் செய்து கொண்டு வாருங்கள்.

ஐந்து பெட்டி கொண்ட வரிசையின் கடைசிப் பெட்டிக்கு எந்த இலக்கம்? எண் = 5 என்று தொடங்கி, எண் > 0 உள்ளவரை ஒவ்வொன்றாகக் குறைக்கும் சுழற்சி அந்த வரிசையின் எந்தப் பெட்டிகளைத் தொடும், எதைத் தொடாது, எங்கே எல்லை தாண்டும்?

இஃப் (பங்கு = 0) என்ற வரிக்குக் கீழே "பூச்சியத்தால் வகுக்க முடியாது" என்று அச்சிட்டு, இல்லாவிட்டால் மொத்தத்தைப் பங்கால் வகுக்கும் நிரல் ஒன்று இருக்கிறது. பங்கு 4 என்று கொடுத்தால் என்ன நடக்கும்?

உங்கள் முழுப் பெயரைத் தமிழில் எழுதி, யுனிகோட் குறியீடுகளை எண்ணி, எத்தனை பைட் வேண்டும் என்று கணக்கிடுங்கள். இடைவெளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் ஒவ்வொரு பைட் மட்டுமே. முடிவுப் பூச்சியத்தை மறக்க வேண்டாம். தாத்தா பாட்டியின் பெயரையும் எண்ணுங்கள். வகுப்பில் மிக நீளமான பெயரைக் கொண்டு வருகிறவருக்கு அன்றைய மோதகத்தில் இரண்டு கூட.